நாருக்குள் நீர்: இயற்கை நார்க் கூட்டுப்பொருள்களை உடைக்காமல் சோதித்தல்

நார் இழுப்பைத் தாங்கும். ஆனால் தனியே நிற்காது, துவண்டுவிடும். களிமண்ணும் பிசினும் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். இரண்டையும் பிணைத்து, ஒன்றால் ஆகாததை மற்றது செய்யும்படி அமைத்த பொருளுக்கு நார்க் கூட்டுப்பொருள் என்று பெயர். காவிரிப் படுகையில் இதன் பழைய வடிவம் குதிர். வயல் களிமண்ணில் நறுக்கிய வைக்கோலையும் பதரையும் கலந்து மிதித்து, உறை உறையாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இடுக்குகளில் மண் பூசி வீட்டுக்குள் நிறுத்துவார்கள். ஈர மண் காயும்போது சுருங்கும். சுருங்கும் மண்ணைக் கிழியவிடாமல் பிடித்துக்கொள்வது உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் வைக்கோல்தான். நெல்லைக் கொட்டியபின் சுவரை வெளியே தள்ளும் விசையையும் அதுவே ஏற்கிறது.

இன்றைய கூட்டுப்பொருளில் களிமண்ணின் இடத்துக்கு எப்பாக்ஸி, பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் போன்றவை வந்துவிட்டன. நாரில் கண்ணாடி இழைக்கும் கரி இழைக்கும் பெரும் பங்கு. ஆனாலும் தாவர நார் களத்தைவிட்டு விலகியதே இல்லை. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை உருவான டிராபன்ட் காரின் வெளிப்புறத் தகடுகள், பருத்திக் கழிவைப் பீனால் பிசினோடு சேர்த்துச் சூடாக அழுத்திச் செய்தவை. 2000களின் நடுவில் மெர்சிடிஸ் பென்ஸ் ஏ-கிளாஸ் காரில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியின் மூடிக்கு அபாகா நார் பயன்பட்டது. அபாகா பிலிப்பீன்ஸில் விளையும் வாழை இனம்; திருவையாற்றிலும் திருக்காட்டுப்பள்ளியிலும் தார் வெட்டியபின் வயலில் சாய்த்துப் போடும் மரத்துக்கு நெருங்கிய உறவு.

படுகையில் நாருக்குப் பஞ்சமில்லை. வாழைமட்டை உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில் தேங்காய் மட்டை உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரையேறிய கஜா புயல் அங்கே தென்னந்தோப்புகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்த பிறகும் கயிற்று நார்த் தொழில் அந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. வைக்கோலும் உமியும் ஒவ்வொரு போகத்திலும் மிஞ்சுகின்றன. வாய்க்கால் ஓரத்துக் கோரையும், பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழும் சணப்பும் தக்கைப்பூண்டும் நார்ச் செடிகளே. ஆராய்ச்சியும் அக்கம்பக்கத்தில் நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் கே.ஜி. சத்யநாராயணாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களிலேயே தென்னை நாரையும் வாழை நாரையும் இழுத்து அளந்து, பாலியஸ்டரில் பதித்துப் பார்த்தனர். திருச்சிராப்பள்ளியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழைத்தண்டிலிருந்து நார் பிரிப்பதை ஒரு தொழிலாகவே கற்பித்து வருகிறது.

நார் கிடைக்கிறது, பிசின் கிடைக்கிறது, அழுத்தும் அச்சும் கிடைக்கிறது. செய்து முடித்த பலகையின்மீது நம்பிக்கைதான் எளிதில் கிடைப்பதில்லை. அந்த நம்பிக்கையைத் தரவேண்டியது சோதனை.

ஒரே உலையில் உருக்கி வார்த்த இரும்புக் கம்பிகளில் நான்கை எடுத்து இழுத்து அறுத்துப் பார்த்தால், மீதியும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடலாம். நாருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரே வாழை மரத்தில் வெளிமட்டையின் நார் முரடு, உள்மட்டையின் நார் மெல்லிசு. ஒரே தேங்காய் மட்டையில் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள நாரும் 0.4 மில்லிமீட்டரைத் தாண்டிய நாரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். வாழை நாரில் ஏறத்தாழ 60 விழுக்காடு செல்லுலோஸ். அதன் நுண்ணிழைகள் நாரின் நீளவாக்குக்கு 11 டிகிரி அளவே சாய்ந்திருப்பதால் அது விறைப்பானது, கொஞ்சம் நீண்டதுமே அறுந்துவிடும். தென்னை நாரில் 40 விழுக்காட்டுக்கும் மேல் லிக்னின். நுண்ணிழைகள் 30 முதல் 45 டிகிரி வரை திருகிச் சுற்றியிருப்பதால் சுருள்வில் போல நீளும், 15 விழுக்காடு நீண்டும் அறாமல் நிற்கும். இதோடு செடியின் வயது, நிலம், ஊறவைத்த நாள், காயவைத்த வெயில் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே உடைத்துப் பார்த்த துண்டு தன்னைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். பயன்பாட்டுக்குப் போகிற பலகையைப் பற்றி அறிய, அந்தப் பலகையையே சோதிக்க வேண்டும். சோதித்த பிறகும் அது முழுதாக இருக்க வேண்டும். சிதைக்காத சோதனை என்பதன் பொருள் இதுவே.

தேட வேண்டிய குறைகள் பல. பிசினில் சிக்கிய காற்றுக்குமிழி, பிசின் ஏறாமல் வறண்டு நின்ற நார், ஓர் அடுக்கு மற்றதைவிட்டுப் பிரிந்த இடம், நார் திசை மாறிப் படுத்த இடம், அடிபட்டு உள்ளே விழுந்த விரிசல் ஆகியவை கண்ணாடி இழைப் பலகையிலும் உண்டு. தாவர நாரில் இரண்டு சிக்கல்கள் கூடுதல். முதலாவது, நாருக்குப் பிறவியிலேயே உட்குழி இருக்கிறது. உயிரோடிருந்த காலத்தில் நீரும் சாறும் உலவிய அந்தத் துளைகள் நார் காய்ந்தபின் காற்று நிறைந்த குழல்கள். கருவி காட்டும் துளை இயற்கை வைத்ததா, செய்தவர் விட்ட குறையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது சிக்கல் நீர். கண்ணாடி இழை நீரை உறிஞ்சுவதில்லை. தாவர நாரின் செல்லுலோஸ் முழுவதும் நீரைப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள்; காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கையிலேயே சணல் தன் எடையில் 12 விழுக்காட்டுக்கு மேல் நீரை ஏற்றுக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் படுகையின் காற்று இதைவிட ஈரமாகவே இருக்கும். நீர் ஏறிய நார் பருக்கும். பருத்த நார் தன்னைச் சுற்றியுள்ள பிசினை அழுத்தி மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். கோடையில் நார் காய்ந்து சுருங்கும்போது பிசின் அதனோடு சுருங்காது. இடையே வெறும் இடைவெளி மிஞ்சும். அடுத்த மழையில் அந்த இடைவெளி வழியாக நீர் இன்னும் வேகமாக உள்ளே போகும். இப்படி இரண்டு மூன்று பருவங்களில் பலகை உள்ளிருந்தே தளர்ந்துவிடும்; வெளியே வண்ணம் மாறாமல் இருக்கும். இயற்கை நார்க் கூட்டுப்பொருளில் குறையைத் தேடுவது பெரும்பாலும் நீரையோ நீர் போன தடத்தையோ தேடுவதுதான். உலோகத்துக்காக உருவான சோதனை முறைகளை அப்படியே எடுத்துவந்து பொருத்தினால் அவை தடுமாறுவதற்கும் இதுவே காரணம்.

சோதனை கண்ணிலிருந்தும் தராசிலிருந்தும் தொடங்குகிறது. இவற்றைச் சோதனை என்றே மதிக்காத பழக்கம் பரவியிருக்கிறது; அது தவறு. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த விளக்கொளியில் பலகையின் கொப்புளமும் பள்ளமும் நிழலாக எழுந்து தெரியும். நீள அகலத் தடிப்பை அளந்து எடை போட்டால் அடர்த்தி கிடைக்கும். நாரும் பிசினும் எவ்வளவு இட்டது என்பது தெரிந்திருந்தால், கணக்கைவிட எடை குறைந்த பலகையில் காற்று இருக்கிறது. செய்த அன்றைவிட எடை கூடிய பலகையில் நீர் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் ஒரு தராசு இவ்வளவையும் சொல்லும்.

அடுத்தது ஓசை. பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பதும், தேங்காயைத் தட்டிக் காதில் வாங்குவதும் இந்த முறையே. விமானத் தொழிற்கூடங்களில் நாணயத்தால் தட்டிப் பார்க்கும் சோதனை இன்றும் முறையான சோதனையாக இருக்கிறது. அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் தட்டினால் முழுத் தடிப்பும் எதிர்த்து நிற்கும். தட்டும் பொருள் கணத்தில் துள்ளி மீளும். ஓசை கணீரென்று இருக்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் மேலடுக்கு மட்டும் மெல்லிய பறைத்தோல் போல அமுங்கிக் கொடுக்கும், தொடுநேரம் கூடும், உயர்ந்த அதிர்வெண்கள் எழாமலே போய், ஓசை பொத்தென்று கேட்கும். நாகப்பட்டினம் கடற்கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெருகிய கண்ணாடி இழைப் படகுகளின் அடிப்புறத்தில் உளுத்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் தட்டிப் பார்ப்பதே முதல் வழி.

தென்னை நார்ப் பலகையில் இந்தக் காது ஏமாறும். தென்னை நார் அதிர்வை விழுங்கும் இயல்புள்ளது. நல்ல பலகையே மந்தமாகத்தான் ஒலிக்கும். கண்ணாடி இழைக்குப் பழகியவர் அதைக் கேட்டு நல்லதைக் கெட்டதென்று ஒதுக்கிவிடக்கூடும். ஆகவே ஓசையின் தரத்தைவிட அதன் அதிர்வெண்ணை அளப்பது மேல். பலகையை இரண்டு நூல்களின்மேல் கிடத்தி, நடுவில் தட்டி, எழும் ஒலியை ஓர் ஒலிவாங்கியில் பிடித்தால் இயல்பு அதிர்வெண் தெரியும். விறைப்பு கூடினால் அது ஏறும். நிறை கூடினால் இறங்கும். நீர் புகுந்த பலகையில் விறைப்பு குறைகிறது, நிறையும் கூடுகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் அதிர்வெண் தெளிவாகவே தாழ்ந்துவிடும். ஈரத்தைக் கண்டுகொள்ள இதைவிட எளிய ஓசைச் சோதனை இல்லை. நீர் எந்த மூலையில் இருக்கிறது என்பதை மட்டும் இது சொல்லாது.

இடத்தைச் சொல்லக்கூடியது மீயொலி. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஒரு துடிப்பை உள்ளே அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தையோ மறுபக்கம் வந்துசேரும் வலுவையோ அளப்பது இதன் வழி. எஃகுப் பற்றவைப்புகளுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துவது வழக்கம். பிசின் கூட்டுப்பொருளில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 2,500 மீட்டர் போகும் என்று கொண்டால், 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.5 மில்லிமீட்டர். தென்னை நாரின் தடிப்பும் கிட்டத்தட்ட அதேதான். அலையும் தடையும் ஒத்த அளவில் இருந்தால் அலை சிதறும். நாற்று நெருங்கிய வயலில் புகுந்த நீரோட்டம் போலப் பக்கமெல்லாம் பிரிந்து வலுவிழந்துவிடும். அதிர்வெண்ணை 0.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அலைநீளம் 5 மில்லிமீட்டர் ஆகும். அலை நார்களைத் தாண்டிப் போகும், ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள குறைகளையும் தாண்டிப் போய்விடும். ஆழம் வேண்டுமா, கூர்மை வேண்டுமா என்ற பேரம் எல்லாப் பொருளிலும் உண்டு. தாவர நாரில் அது மிகவும் இறுக்கமானது.

மீயொலிக்கு இன்னொரு தடை உண்டு. கருவிக்கும் பலகைக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. காற்றின் ஒலித்தடைக்கும் பிசினின் ஒலித்தடைக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரிது. காற்றிலிருந்து பலகைக்குள் புகுந்து மறுபக்கம் காற்றுக்குள் வெளியேறுவதற்குள் ஆற்றலில் ஒரு கோடியில் சுமார் 3 பங்குதான் எஞ்சும். எனவே இடையில் நீரோ கூழோ வைப்பார்கள். பெரிய பலகையை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வரி வரியாக வருடிப் படம் எடுப்பார்கள். கண்ணாடி இழைக்கு இதனால் தீங்கில்லை. வாழை நார்ப் பலகையின் வெட்டு விளிம்பு நீரைக் குடிக்கத் தொடங்கிவிடும். சிதைக்காத சோதனை என்று சொல்லிக்கொண்டு செய்வது சிதைக்கும் சோதனையாக முடியும். விளிம்புகளை மெழுகால் அடைப்பது, உலர்ந்த ரப்பர் அணைப்புடன் கருவியைப் பதிப்பது, ஆற்றல் இழப்பைப் பொறுத்துக்கொண்டு காற்றின் வழியாகவே குறைந்த அதிர்வெண்ணில் அனுப்புவது ஆகிய மூன்றும் கைவசமுள்ள வழிகள். காற்றின் வழி அனுப்பும் கருவி விலை கூடியது; ஆனால் இந்தப் பொருளுக்கு அதுவே நேர்மையானது.

நீருக்கு அஞ்சாமல் சோதிக்க வெப்பம் உதவுகிறது. பலகையின் ஒரு முகத்தை விளக்கால் சற்றே சூடாக்கி, அது ஆறும் விதத்தை அகச்சிவப்புக் கேமராவால் பார்ப்பது இம்முறை. வெப்பம் உள்நோக்கிப் பரவும்போது வழியில் காற்றிடைவெளி இருந்தால் அங்கே தேங்கும். அந்த இடத்தின் மேற்பரப்பு மற்றதைவிடச் சூடாகத் தெரியும். ஈரம் இருந்தால் நேர்மாறு. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். உலர்ந்த நாருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆகவே ஈரமான இடம் சூடேறும்போது பின்தங்கி, குளிர்ந்தே தெரியும். ஒரே படத்தில் இடைவெளி வெளுப்பாகவும் நீர் கறுப்பாகவும் பிரிந்து தெரிவது வேறு எந்த முறையிலும் இவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. இயற்கை நார்ப் பலகைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அகச்சிவப்புக் கேமராவை வாங்கச் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இன்னொரு சாதகமும் இருக்கிறது. அலுமினியத் தகட்டில் வெப்பம் 2 மில்லிமீட்டர் ஆழம்வரை போய் அங்குள்ள குறையைக் காட்ட நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். அதைப் பிடிக்க அதிவேகக் கேமரா வேண்டும். பிசின் கூட்டுப்பொருளில் அதே ஆழத்துக்குப் பத்துப் பதினைந்து நொடி ஆகும். ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 4 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். மின்வாரியத்தில் இணைப்புகளின் சூட்டைப் பார்க்க வைத்திருக்கும் சாதாரணக் கேமராவே இந்த நிதானத்துக்கு ஈடுகொடுக்கும். பெரிய கூரைப் பலகைகளுக்கு விளக்குகூட வேண்டியதில்லை. காலை வெயில் ஏறும்போது ஒரு படம், மாலையில் வெயில் தாழ்ந்தபின் ஒரு படம் என்று எடுத்தால், காலையில் குளிர்ந்திருந்த ஈரப்பகுதி மாலையில் சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். முறையின் எல்லையும் தெளிவானது: வெப்பம் பக்கவாட்டிலும் பரவுவதால், குறை இருக்கும் ஆழத்தைவிட அதன் அகலம் பெரிதாக இருக்க வேண்டும். ஆழத்தில் கிடக்கும் சிறு விரிசல் இதில் தெரியாது.

எக்ஸ்-கதிர் இந்தப் பொருளிடம் பாதி தோற்கிறது. கண்ணாடி இழையில் சிலிக்கனும் கால்சியமும் இருப்பதால் அது பிசினிலிருந்து பிரிந்து தெரியும். தாவர நாரும் பிசினும் இரண்டுமே கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற மூன்றால் ஆனவை. கதிருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. குறைந்த மின்னழுத்தத்தில் மென்மையான கதிரைப் பயன்படுத்தினால் காற்றுக்குமிழி தெரியும். நாரின் திசை மங்கலாகத்தான் தெரியும். கரி இழைப் பலகையின் விரிசலில் அயோடைடு கரைசலை ஊறவைத்துப் படத்தில் துலக்குவது ஒரு வழக்கம். தாவர நார் அந்தக் கரைசலைத் தானே குடித்துவிடும். விரிசல் எது, நார் எது என்ற குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. உமி கலந்த பலகை இதற்கு ஒரு விலக்கு. உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. அந்தச் சிலிக்கா செறிந்த வெளித்தோல் பிசினைவிடச் சற்று அழுத்தமாகப் படத்தில் விழும். மருத்துவமனை சி.டி. ஸ்கேனின் நுண்வடிவமான மைக்ரோ சி.டி. சில மைக்ரான் அளவுவரை உட்குழியையும் குமிழியையும் முப்பரிமாணத்தில் பிரித்துக் காட்டும். ஆனால் அந்தக் கூர்மை விரல்நுனி அளவுத் துண்டுக்கே கிடைக்கும். முழுப் பலகையிலிருந்து துண்டு வெட்ட வேண்டுமென்றால் அது சிதைக்கும் சோதனையாகிவிடுகிறது. பொருளைப் புரிந்துகொள்ள அது சிறந்த கருவி; உற்பத்தியைச் சோதிக்க அன்று.

சுழல் மின்னோட்டச் சோதனை இங்கே அறவே பயன்படாது. கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். வாழை நாரும் தென்னை நாரும் கடத்தா.

பொருள் சுமை தாங்கும்போது அதனுள்ளே எழும் ஓசையைக் கேட்பது ஒலி உமிழ்வு முறை. மற்ற முறைகள் இருக்கும் குறையைத் தேடுகின்றன; இது வளரும் குறையைக் கேட்கிறது. ஜெர்மனியின் யோசப் கைசர் 1950-இல் உலோகங்களில் ஒன்றைக் கண்டார்: ஒருமுறை ஏற்றிய சுமையை மறுபடி ஏற்றும்போது, பழைய அளவைத் தாண்டும்வரை பொருள் மௌனமாக இருக்கும். கூட்டுப்பொருளில் அந்த மௌனம் நிலைப்பதில்லை. பழைய சுமையை எட்டுவதற்கு முன்பே அது பேசத் தொடங்கினால் உள்ளே சேதம் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு முன்னதாக என்பதே சேதத்தின் அளவுகோல். பிசின் வெடிப்பு, நார்-பிசின் ஒட்டு விடுதல், நார் அறுதல் ஆகியவை வெவ்வேறு வலுவிலும் அதிர்வெண்ணிலும் ஒலிப்பதால் பிரித்தறிய முடியும் என்பது கண்ணாடி இழையில் கற்ற பாடம். தாவர நாரில் நான்காவதாக ஓர் ஓசை நுழைகிறது. ஒரு நார் என்பது லிக்னினாலும் பெக்டினாலும் ஒட்டிய பல உயிரணு இழைகளின் கற்றை. அறுவதற்கு முன் அது நீளவாக்கில் பிளக்கிறது. அந்தப் பிளவு பிசின் வெடிப்பைப் போலவே கேட்கும். தென்னை நாரில் மேலும் ஒரு விந்தை. பாலியஸ்டர் பிசின் 2, 3 விழுக்காடு நீண்டதுமே வெடிக்கத் தொடங்கும். நாரோ 15 விழுக்காட்டுக்கும் அப்பால் நிற்கும். ஆகவே தொடக்கத்திலேயே சடசடவென்று ஓசை கொட்டும், பலகையோ விழாமல் நெடுநேரம் தாங்கும். ஓசையின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் நல்ல பலகைக்கு அநீதி நேரும்.

நீரை நேராக அளக்கும் கருவி படுகையில் எல்லாருக்கும் தெரிந்ததே. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறுமா, களத்துக்கே திரும்புமா என்பதைத் தீர்மானிப்பது ஈரப்பதமானி. 17 விழுக்காடு என்ற எண்ணுக்காகக் காத்திருக்காத விவசாயக் குடும்பம் இங்கே குறைவு. அந்தக் கருவிகளில் இரு வகை உண்டு. ஒன்று நெல்லை நசுக்கி அதன் மின்தடையை அளக்கிறது. அது சிதைக்கும் சோதனை. மற்றது நெல்லை ஒரு கிண்ணத்தில் கொட்டி, அதை மின்தேக்கியின் நடுப்பொருளாகக் கொண்டு அளக்கிறது. நெல் முழுதாகத் திரும்பிவிடும். நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80. உலர்ந்த நாருக்கும் பிசினுக்கும் 3 முதல் 5 வரை. கொஞ்சம் நீர் புகுந்தாலே அளவு எகிறுவது இதனால்தான். இதே தத்துவத்தில் அமைந்த தட்டையான மானியைப் பலகையின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் ஈரத்தின் வரைபடம் கிடைத்துவிடும். ஒரு முன்னெச்சரிக்கை: உப்புநீரில் ஊறிய தேங்காய் மட்டையின் நாரில் உப்பு தங்கியிருந்தால் கருவி இருப்பதைவிடக் கூடுதலான ஈரத்தைக் காட்டும். நெல்லுக்குக் குறித்த அளவுகோலைப் பலகைக்கு அப்படியே வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொரு நாருக்கும் பிசினுக்கும் தனியே ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும்.

லேசர் ஒளியால் மேற்பரப்பின் நுண்ணிய நெளிவை அளக்கும் முறையும், நுண்ணலை, டெராஹெர்ட்ஸ் அலை முறைகளும் ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. டெராஹெர்ட்ஸ் அலையை நீர் முழுதாக விழுங்கிவிடுவதால் உலர்ந்த பலகைக்கு மட்டுமே அது பொருந்தும்.

தஞ்சாவூருக்கே உரிய ஒரு பழைய அடுக்குப் பொருள் இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கடினமான தேர்வு வைக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தை இங்கே பலகைப்படம் என்பார்கள். மரப்பலகை, அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய துணி, துணியின்மேல் சுண்ணப்பொடிப் பூச்சு, அதன்மேல் மக்கு வைத்து எழுப்பிய புடைப்பு, கல், தங்க ரேக்கு, வண்ணம் என்று அடுக்கடுக்காக அமைந்தது அது. பொறியியல் மொழியில் சொன்னால், பருத்தித் துணியால் வலுவூட்டிய தாவரப் பசைக் கூட்டுப்பொருள். மரம் மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்கும். பூச்சு அதற்கு ஈடுகொடுக்காது. துணி பலகையைவிட்டு விலகிக் கொப்புளம் எழும். இங்கே ஒரு துண்டையும் வெட்டிப் பார்க்க இடமில்லை. நீர் படக்கூடாது என்பதால் மீயொலியின் கூழுக்கும் இடமில்லை. வெப்பப்படம் எடுக்கலாம் என்றால், பளபளக்கும் தங்கம் தன் வெப்பத்தைக் காட்டாமல் எதிரே நிற்பவரின் வெப்பத்தைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். எக்ஸ்-கதிரில் கல்லும் உலோகமும் முந்திக்கொண்டு தெரியும். இங்கே பக்கவாட்டு ஒளியும், நகக்கண்ணால் மெல்லத் தட்டிக் கேட்கும் ஓசையும், தங்கம் இல்லாத பரப்பில் மட்டும் ஓரிரு டிகிரி சூட்டில் எடுக்கும் வெப்பப்படமும் சேர்ந்துதான் கொப்புளத்தின் எல்லையை வரைந்து தரும்.

உலோகத்தைச் சிதைக்காமல் சோதிக்கும் கலை தமிழ்நாட்டில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜும் அவருடன் பணியாற்றியவர்களும் அணு உலைக் குழாய்களுக்காக வளர்த்த சிதைக்காத சோதனை முறைகளைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கும் கொண்டுசென்று, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற அடையாளப் பதிவை உருவாக்கினர். சென்னை ஐ.ஐ.டி.யில் சிதைக்காத மதிப்பீட்டுக்கென்றே தனி மையம் இயங்குகிறது. சுவாமிமலையில் அத்தகைய திருமேனிகளை வார்க்கும் மண் கருவும் ஒரு கூட்டுப்பொருள்தான்; காவிரி வண்டலில் உமிக்கரி சேர்த்துப் பிசைந்தது. உலோகத்துக்குக் கிடைத்த கவனம் அதைத் தாங்கிய மண்ணுக்கும் நாருக்கும் கிடைக்கவில்லை என்பது வருத்தமான உண்மை.

எந்தக் கருவியும் ஒப்பீடு இல்லாமல் பேசாது. தெரிந்த குறையைத் தெரிந்த இடத்தில் வைத்துச் செய்த மாதிரிப் பலகை ஒன்று வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே டெஃப்லான் துண்டுகளை வைத்து அடுக்குப் பிரிவைப் போலச் செய்வதும், பின்புறத்திலிருந்து வெவ்வேறு ஆழத்துக்குத் துளையிடுவதும் வழக்கம். கண்ணாடி இழைக்கு ஒரு மாதிரிப் பலகை பல ஆண்டு உழைக்கும். இயற்கை நாருக்கு ஒவ்வொரு கொள்முதலுக்கும் புதிய மாதிரி தேவை; அதையும் உலர்ந்த நிலையிலும் ஈரமான நிலையிலும் அளந்து வைக்க வேண்டும். உடைக்கும் சோதனைக்கு இங்கேதான் இடம் இருக்கிறது. மாதிரிப் பலகைகளை உடைத்துப் பெற்ற வலுவும், உடைப்பதற்கு முன் கருவி காட்டிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டால்தான், பிறகு உடைக்காத பலகையில் வரும் எண்ணுக்குப் பொருள் உண்டாகும்.

சோதனை அறிக்கையில் கருவியின் பெயரும் அதிர்வெண்ணும் எழுதுவது போதாது. சோதித்த நாளின் காற்று ஈரப்பதமும், பலகையின் ஈர அளவும், அன்றைய எடையும் இடம்பெற வேண்டும். சித்திரையில் அளந்த ஒலிவேகமும் கார்த்திகையில் அளந்த ஒலிவேகமும் ஒரே பலகையில் வேறுபடும். இந்த மூன்று எண்கள் இல்லாத அறிக்கையை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தவே முடியாது.

சந்தேகத்துக்கு இடமான பலகையை உடனே கழித்துவிடுவதும் சரியல்ல. எடை போட்டு, வெப்பப்படம் எடுத்து, தட்டி அதிர்வெண் குறித்து, பிறகு 50 டிகிரி அளவில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, அதே மூன்றையும் மறுபடி செய்ய வேண்டும். அதிர்வெண் பழைய நிலைக்கு ஏறி, கறுத்த திட்டும் மறைந்துவிட்டால் அங்கே இருந்தது நீர் மட்டுமே. விளிம்பையும் மேற்பூச்சையும் அடைத்துப் பலகையைப் பயன்படுத்தலாம். கறுத்த திட்டு இருந்த இடத்தில் உலர்ந்தபின் வெளுத்த திட்டு தெரிந்தால், நீர் போய்விட்டது, அது உண்டாக்கிய இடைவெளி நின்றுவிட்டது. அந்தப் பலகையைச் சுமை தாங்கும் இடத்தில் வைக்கக்கூடாது.